ஆஷ்பியின் சிவப்புச் சாய்தளம்

மகள் வீட்டுக்கு அமெரிக்கா போகும் அப்பா அம்மாக்களுக்கென்று எழுதி வைக்காத பட்டியல் ஒன்று உண்டு. கோல்டன் கேட் பாலத்தில் ஒரு படம், லிவர்மோர் சிவா விஷ்ணு கோவிலில் ஒரு அர்ச்சனை, காஸ்ட்கோவில் ஒரு மூட்டை பாதாம் பருப்பு. ஃப்ரீமாண்ட் போய் இறங்கிய மூன்றாவது வாரத்துக்குள் இதையெல்லாம் முடித்துவிட்டேன். மிச்சம் இருந்தது என் தங்கை சொல்லி அனுப்பிய ஒரு வேலைதான்.

தென்காசியிலிருந்து கிளம்பிய அன்று அவள் எனக்கு ஊறுகாய் பொட்டலம் எதுவும் தரவில்லை. "அண்ணே, அங்கன பெர்க்லின்னு ஒரு ஊரு இருக்காம். என்ன மாதிரி ஆளுங்க சண்ட போட்டு ஊரையே மாத்தி வச்சிருக்காங்களாம். எங்க குரூப்புல பேசிக்கிட்டாங்க. நீ போயி கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். குரூப் என்றது வாட்ஸ்அப். பீடி சுற்றும் நேரத்தில் செல்போனைத் தட்டுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் அத்தனை பேரோடும் பேசிக்கொண்டிருப்பாள்.

இரண்டு வயதில் அவளுக்கு இளம்பிள்ளைவாதம் வந்தது. இரண்டு கால்களும் துவண்டுவிட்டன. ஐந்தாம் வகுப்பு வரை மாமா சைக்கிள் கேரியரில் வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனார். ஆறாம் வகுப்பு மாடியில் இருந்தது. அத்தோடு படிப்பு நின்றது. அதன்பிறகு எங்கள் வீட்டுத் திண்ணைதான் அவளுக்கு உலகம். நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றியிருக்கிறாள்.

ஃப்ரீமாண்ட்டிலிருந்து பெர்க்லியின் ஆஷ்பி நிலையத்துக்கு ரயில் மாற வேண்டியதில்லை. ரிச்மண்ட் போகும் ஆரஞ்சுத் தடத்தில் ஏறி உட்கார்ந்தால் ஓக்லாந்தைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடும். அந்த வட்டாரத்து மின்ரயிலுக்குப் பார்ட் என்று பெயர். பிளாட்பாரமும் பெட்டியின் தரையும் ஒரே மட்டம். ஓக்லாந்தில் ஒரு பெண் வீல்சேரில், மடியில் காய்கறிப் பையை வைத்துக்கொண்டு ஏறினாள். ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுக் காதில் கருவியை மாட்டிப் பாட்டுக் கேட்க ஆரம்பித்தாள். யாரும் நகரவில்லை, யாரும் உச்சுக்கொட்டவில்லை. நான் ஒருவன்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எனக்கே கூச்சமாகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் தங்கை ரயிலில் போனது வாழ்நாளில் இரண்டே தடவை. இரண்டு தடவையும் மூன்று பேர் சேர்ந்து தூக்கி ஏற்றினோம். இரண்டாம் தடவை ஏற்றும்போது அவள் சேலை கம்பியில் சிக்கிக் கிழிந்தது. பிளாட்பாரமே வேடிக்கை பார்த்தது. "இனிமே என்னய ரயில்ல கூப்பிடாதிய" என்று சொல்லிவிட்டாள். நாங்களும் கூப்பிடவில்லை. அவள் ஆசைப்படவில்லை என்றே ஊரில் சொல்லிக்கொண்டோம்.

பார்ட்டில் லிஃப்ட் தானாக வந்துவிடவில்லை. 1960-களில் நிலையங்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஹெரால்டு வில்சன் என்பவர், தாமே வீல்சேரில் இருந்தவர், எங்களைப் போன்றவர்களும் ரயிலில் போக வேண்டும் என்று அதிகாரிகளிடம் விடாமல் கேட்டார். மனுவோடு ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினார் என்று எழுதக் கை வருகிறது. ஏற முடியாததுதானே அவர் சொன்ன குறையே. 1972-ல் ஓடத் தொடங்கிய ரயிலின் திட்டத்தில் லிஃப்ட் இடம்பிடித்தது அவரால்தான்.

ஆஷ்பி நிலையத்துக்குள்ளிருந்தே எட் ராபர்ட்ஸ் வளாகத்துக்கு வழி இருக்கிறது. தெருவுக்கு வந்து, சிக்னலுக்கு நின்று, மறுபடி வாசல் தேட வேண்டியதில்லை. 2010-ல் திறந்த கட்டடம். மாற்றுத்திறனாளிகளுக்கான பல அமைப்புகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. உள்ளே காலெடுத்து வைத்ததும் கண்ணில் அறைகிறது அந்தச் சாய்தளம். நல்ல குங்குமச் சிவப்பு. மேலே கூரையில் வட்டமான கண்ணாடித் திறப்பு, அதிலிருந்து விழும் வெயிலுக்கு நடுவில், கம்பிகளில் தொங்கியபடி ஒரு சுற்றுச் சுற்றி மாடிக்கு ஏறுகிறது. நம் ஊரில் சாய்தளம் என்றால் கட்டடத்தின் பின்பக்கம், ஜெனரேட்டருக்கும் கக்கூஸுக்கும் நடுவில் இருக்கும். அதன் மேலும் யாராவது பைக்கை நிறுத்தியிருப்பார்கள். இங்கே அதுதான் மூலவர். கட்டடம் அதைச் சுற்றிப் பிரகாரம் மாதிரி நிற்கிறது.

எனக்கு முழங்கால் வலி. படியைப் பார்த்தாலே கைப்பிடியைத் தேடும் வயசு. அந்தச் சாய்தளத்தில் ஒரு கையால் பிடிச்சுவரைத் தொட்டபடி மெதுவாக ஏறினேன். பாதி தூரம் போனபோதுதான் மூச்சு வாங்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

எட் ராபர்ட்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1939-ல் பிறந்தவர். 14 வயதில், 1953-ல், போலியோ தாக்கிக் கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எல்லாம் செயலிழந்தது. இடது கையில் இரண்டு விரல், காலில் சில விரல்கள், இவ்வளவுதான் அசைந்தன. மூச்சுவிட இரும்பு நுரையீரல் என்ற பெரிய இரும்புக் குழாய்க்குள் படுக்க வேண்டும். இவன் பிழைத்தாலும் காய்கறி மாதிரிதான் கிடப்பான் என்று மருத்துவர் சொன்னதைக் கேட்டு, அப்படியென்றால் நான் ஆர்ட்டிச்சோக்காக இருந்துவிட்டுப் போகிறேன், வெளியே முள், உள்ளே இளசு என்று பிற்பாடு சொல்லிச் சிரிப்பாராம். குற்றாலத்துப் பக்கம் பிறந்திருந்தால் பலாப்பழம் என்று சொல்லியிருப்பார்.

உயர்நிலைப் பள்ளி அவருக்குச் சான்றிதழ் தர மறுத்தது. காரணம், உடற்பயிற்சியும் கார் ஓட்டும் பாடமும் அவர் முடிக்கவில்லையாம்! அவர் அம்மா ஜோனா ராபர்ட்ஸ் விடாமல் சண்டை போட்டுச் சான்றிதழை வாங்கினார். அரசின் மறுவாழ்வுத் துறையில் படிப்புக்கு உதவி கேட்டபோது, இவர் வேலைக்குப் போக வாய்ப்பே இல்லாதவர் என்று கோப்பில் எழுதினார்கள். அதையும் மீறி 1962-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 800 பவுண்டு எடையுள்ள அவருடைய இரும்பு நுரையீரலைத் தாங்கும் அறை எந்த மாணவர் விடுதியிலும் இல்லை. வளாகத்துக்குள் இருந்த கவல் மருத்துவமனையில் ஓர் அறை கொடுத்தார்கள். அவர் வந்த பிறகு அவரைப் போன்ற மாணவர்கள் ஒவ்வொருவராக அங்கே வந்து சேர்ந்தார்கள். தங்களுக்கு ரோலிங் குவாட்ஸ், அதாவது உருண்டோடும் கை கால் வராதவர்கள், என்று கிண்டலாக ஒரு பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

1970-ல் இவர்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதில் என்ன இருந்தது என்பதைத்தான் நான் ரொம்ப நேரம் யோசித்தேன். வீல்சேர் பழுதுபார்க்கும் பட்டறை. உதவியாளர்கள் பெயர்ப் பட்டியல். படியில்லாத வாடகை வீடுகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற விவரம். உரிமை என்றால் மேடை, மைக், கோஷம் என்று நினைத்துப் பழகியவன் நான். டயர் பஞ்சரானால் ராத்திரியே ஒட்டித் தர ஆள் இருந்தால்தான் காலையில் வகுப்புக்குப் போக முடியும் என்பதிலிருந்து இவர்கள் ஆரம்பித்திருக்கிறார்கள். மாணவர்கள் அல்லாதவர்களும் உதவி கேட்டு வந்தபோது அது வளாகத்தைத் தாண்டியது. 1972-ல் தற்சார்பு வாழ்வு மையம் பிறந்தது. அமெரிக்காவில் அப்படிப்பட்ட மையங்கள் இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நிர்வாகக் குழுவிலும் ஊழியர்களிலும் பாதிக்கு மேல் மாற்றுத்திறனாளிகளாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

1975-ல் கலிபோர்னியா ஆளுநர் ஜெர்ரி பிரவுன் மறுவாழ்வுத் துறைக்கு ஓர் இயக்குநரை நியமித்தார். எட் ராபர்ட்ஸ்! வேலைக்கு வாய்ப்பே இல்லாதவர் என்று எழுதிய அதே துறை.

அதே 1975-ல்தான் எங்கள் பக்கத்து ஊர் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். கூப்பிடு தூரத்தில் என்று சொல்லலாம். பஸ் ஏறினால் அரை மணி. என் தங்கையை அங்கே அனுப்பலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தது. அப்பா ஒரே சொல்லில் முடித்தார்: "நம்ம பிள்ளைய நாம பாத்துக்கிட மாட்டோமா?" பாசம்தான். அந்தப் பாசத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. அவளிடம் யாரும் கேட்கவில்லை என்பதைத் தவிர.

சாய்தளத்தில் ஏறி மாடிக்குப் போனவன் கழிப்பறை எங்கே என்று தெரியாமல் நின்றேன். எதிரே மின்சார வீல்சேரில் ஐம்பது வயசுக்காரர் ஒருவர் வந்தார். பக்கத்தில் பிலிப்பைன்ஸ் முகச்சாடையுள்ள ஓர் அம்மாள் நடந்து வந்தார். நான் அந்த அம்மாளிடம் வழி கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. குனிந்து வீல்சேரில் இருந்தவரைப் பார்த்தார். அவர்தான் சொன்னார், இடது பக்கம் திரும்பி இரண்டாவது கதவு என்று. அந்த அம்மாளுக்கு வழி தெரியாமல் இல்லை. பிறகு விசாரித்ததில் அது அவர்களுக்குள் உள்ள ஏற்பாடு என்று தெரிந்தது. எனக்கு முதுகில் யாரோ லேசாகத் தட்டியது போலிருந்தது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அவளைத் தாண்டி உள்ளே வந்து என்னிடம், "தங்கச்சி சாப்ட்டாச்சா?" என்று கேட்பார்கள். நானும் "ஆச்சு ஆச்சு" என்பேன்.

திரும்பி வந்தபோது அவர்கள் அங்கேயே இருந்தார்கள். பேச்சுக் கொடுத்தேன். அவருக்கும் ஊர் விட்டு ஊர் வந்தவனிடம் பேசப் பிடித்திருந்தது. இந்த அம்மாளுக்கு முன்னால் மூன்று பேரை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை கால் வராதவர் ஒருவர், தன்னைக் குளிப்பாட்டி உடுத்திவிடும் ஆளை வேலையை விட்டு அனுப்புவதா? எதற்கு என்று கேட்டேன். ஒருவர் ஆறு மணிக்கே எழுப்பிவிடுவாராம். இவருக்கு எட்டு மணிக்கு எழுந்துதான் பழக்கமாம். அவ்வளவுதான் காரணம்.

கலிபோர்னியாவில் அதற்கு ஒரு திட்டம் இருக்கிறது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் வீட்டிலேயே உதவியாளர். சமையல், குளியல், உடை, கடைக்குப் போவது எதற்கு எவ்வளவு நேரம் தேவை என்று கவுண்ட்டி ஆட்கள் வந்து கணக்கெடுப்பார்கள். மாதத்துக்கு அதிகபட்சம் 283 மணி நேரம். சம்பளம் அரசுப் பணம். ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பதும், சொல்லிக்கொடுப்பதும், பிடிக்காவிட்டால் அனுப்புவதும் உதவி பெறுகிறவர்தான். சொந்தப் பிள்ளைகளே பார்த்துக்கொண்டாலும் அந்தச் சம்பளம் அவர்களுக்கு உண்டு. பட்ஜெட் இறுகும்போதெல்லாம் இந்த மணிக்கணக்கில்தான் முதலில் கை வைக்கப் பார்க்கிறார்கள், நாங்கள் மறுபடி தெருவுக்கு வருகிறோம் என்று அலுப்போடு சொன்னார்.

எட்டு மணி. ரயிலில் திரும்பும் வழியெல்லாம் அந்த எட்டு மணியே மண்டைக்குள் ஓடியது. எங்கள் வீட்டில் தங்கை எழுவது காலை நாலரைக்கு. நல்லித் தண்ணீர் ஐந்தேகால் மணிக்கு நின்றுவிடும். அதற்குள் அவளைக் குளிக்க வைத்தால்தான் மற்ற வேலை ஓடும். முதலில் அம்மா, பிறகு என் மனைவி. மார்கழிக் குளிரிலும் நாலரைதான். மேல்தொட்டி வைத்துப் பத்து வருஷம் ஆகிறது. இப்போது எந்நேரமும் தண்ணீர் வருகிறது. ஆனாலும் அவள் நாலரைக்குத்தான் எழுகிறாள். தொட்டி வைத்த பிறகு இதைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் யோசனை வந்ததில்லை.

தற்சார்பு என்றால் யார் உதவியும் இல்லாமல் எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் அசையாத எட் ராபர்ட்ஸ் அந்தக் கணக்குப்படி தற்சார்பே இல்லாதவர். பெர்க்லிக்காரர்கள் அந்தச் சொல்லைத் திருப்பிப் போட்டார்கள். சட்டைப் பொத்தானை யார் மாட்டுகிறார்கள் என்பது பெரிய விஷயமில்லை. எந்தச் சட்டை என்று யார் சொல்வது என்பதுதான் கேள்வி.

அதற்கு எட் ராபர்ட்ஸின் வாழ்க்கையிலேயே ஒரு கதை இருக்கிறது. மின்சார வீல்சேரை இவரால் ஓட்ட முடியாது என்று முடிவு கட்டி, உதவியாளர்கள்தான் அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் ஒரு பெண்ணைக் காதலித்தார். காதலியோடு போகும்போது பின்னாலேயே ஒருவன் தள்ளிக்கொண்டு வந்தால் என்ன பேச முடியும்? விசையைத் திருப்பி வைத்தால் தன் இரண்டு விரலாலேயே ஓட்டலாம் என்று கண்டுபிடித்துவிட்டார். சட்டமும் நிதியும் கொடுக்காத வேகத்தைக் காதல் கொடுத்திருக்கிறது.

இன்னொரு நாள் பெர்க்லித் தெருக்களில் கொஞ்சம் நடந்தேன். கவல் மருத்துவமனை இப்போது இல்லை. அந்த இடத்தில் வணிகப் பள்ளி நிற்கிறது. ஆனால் ஒவ்வொரு தெருமுனையிலும் நடைபாதை சரிந்து ரோட்டோடு சேர்கிறது. 1970-களின் தொடக்கத்தில் இந்த ஊரில் இவர்கள் கேட்டு வாங்கிய சரிவுகள். ஹேல் ஜுக்காஸ் என்றொருவர். மூளை முடக்குவாதம் உள்ளவர். தலையில் மாட்டிய கவசத்தில் ஒரு குச்சி. அதனால் எழுத்துப் பலகையைத் தொட்டுத் தொட்டுப் பேசுவார். இந்தச் சரிவுகளுக்காகவும் பார்ட் ரயிலுக்காகவும் அந்தக் குச்சியாலேயே எழுத்தெழுத்தாக வாதாடியவர். 2022-ல் காலமானார்.

சரிவு வந்ததில் கண் தெரியாதவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. நடைபாதை எங்கே முடிகிறது என்று அவர்களுடைய கோலுக்குச் சொன்னதே முன்பு அங்கே இருந்த திட்டுதான். அதனால் சரிவின் அடியில் மஞ்சள் நிறத்தில் குமிழ் குமிழாகத் தரை. சென்னை மெட்ரோவில் பார்த்திருப்பீர்கள். தரைக்கு அழகு சேர்க்க ஒட்டியது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருவருக்கு வழிவிட்டால் இன்னொருவருக்கு வழி தப்புகிறது, பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு வழி பிடிக்கிறார்கள். நான் நின்ற ஐந்து நிமிஷத்தில் அந்தச் சரிவில் இரண்டு குழந்தைவண்டி, ஒரு சூட்கேஸ், பார்சல் தள்ளுவண்டி எல்லாம் போயின. வீல்சேர் ஒன்றுகூட வரவில்லை.

அடுத்த வாரம் சான் பிரான்சிஸ்கோ. சிவிக் சென்டர் நிலையத்தில் ஏறி வந்தால் ஐக்கிய நாடுகள் சதுக்கம். 1945-ல் ஐ.நா. சாசனம் இந்த ஊரில்தான் கையெழுத்தானது என்பதால் அந்தப் பெயர். பையன்கள் சக்கரப் பலகையில் ஏறிப் பாய்ந்துகொண்டிருந்தார்கள். ஓரமாக, 50 என்று இலக்கமிட்ட பழைய கல் கட்டடம். நான் பார்க்க வந்தது அதைத்தான். வாசலில் நின்று அண்ணாந்து நாலாவது மாடி ஜன்னல்களை எண்ணினேன்.

1973-ல் அமெரிக்கா ஒரு மறுவாழ்வுச் சட்டம் கொண்டுவந்தது. அதில் 504-வது பிரிவு ஒரே ஒரு வாக்கியம். அரசுப் பணம் வாங்கும் எந்த இடமும் உடல்குறையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பது சாரம். பள்ளி, மருத்துவமனை, பஸ், எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆனால் விதிமுறைகளில் கையெழுத்துப் போட நாலு வருஷம் யாருக்கும் கை வரவில்லை. விதி இல்லாத சட்டம் பூட்டிய வீட்டுக்குள் எரியும் விளக்கு.

1977 ஏப்ரல் 5-ம் தேதி பல ஊர்களில் அந்தக் கையெழுத்தைப் போட வேண்டிய துறையின் அலுவலகங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் நுழைந்தார்கள். வாஷிங்டனில் சாப்பாட்டுக்கு வழியடைத்ததில் 28 மணி நேரத்தில் முடிந்துபோனது. சான் பிரான்சிஸ்கோவில் 150 பேருக்குக் குறையாமல் நாலாவது மாடியில் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் ஜூடி ஹியூமன். ஐந்து வயதில் பள்ளியில் சேர்க்கப் போனபோது, வீல்சேர் தீ விபத்துக்கு ஆபத்து என்று திருப்பி அனுப்பப்பட்டவர்.

இரவில் புரட்டிப் படுக்கவைக்க ஆள் இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் உடம்புகள் அவை. சிறுநீர்க் குழாயை மாற்ற வேண்டியவர்கள், வேளைக்கு மருந்து தவறினால் ஆபத்தானவர்கள் இருந்தார்கள். தெரிந்தேதான் போய் உட்கார்ந்தார்கள். கை வராதவருக்குக் கண் தெரியாதவர் ஊட்டினார். குளிர்சாதனப் பெட்டி இல்லை. ஓர் அட்டைப்பெட்டியை ஏ.சி.யின் வாயில் ஒட்டி, மருந்துகளை அதில் வைத்தார்கள். அதிகாரிகள் தொலைபேசியைத் துண்டித்தார்கள். அப்போது காது கேளாதவர்கள் ஜன்னலருகே போனார்கள். கீழே சதுக்கத்தில் நின்றவர்களுக்குச் சைகையால் செய்தி சொன்னார்கள். சத்தம் தேவைப்படாத தந்தி. நான் எண்ணிப் பார்த்த ஜன்னல்களில் அது எது என்று தெரியவில்லை. ஆனால் கீழே நின்று பார்த்தபோது அந்த உயரத்தில் அசையும் கை தெளிவாகத் தெரியும் என்று பட்டது.

சாப்பாடு? ஓக்லாந்திலிருந்து பிளாக் பாந்தர் கட்சிக்காரர்கள் நாள்தோறும் சுடச்சுடச் சமைத்து வளைகுடாவைத் தாண்டிக் கொண்டுவந்தார்கள். அந்தக் கட்சியைச் சேர்ந்த பிராட் லோமாக்ஸ் வீல்சேரில் உள்ளே இருந்தார். நகர மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி மெத்தைகள் அனுப்ப ஏற்பாடு செய்தார். போராட்டத்தில் ஜெயித்தவர்களின் பெயர் புத்தகத்தில் வரும். எனக்கென்னவோ அந்தச் சாப்பாட்டுத் தூக்குகளே கண்ணில் நின்றன. நம் ஊர்க் கொடைக்குச் சமைப்பவர்களைப் போல யாரோ சிலர் ஏறக்குறைய ஒரு மாசம் அடுப்பை அணைக்காமல் இருந்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 28-ம் தேதி அமைச்சர் ஜோசப் காலிஃபானோ கையெழுத்துப் போட்டார். 30-ம் தேதி எல்லோரும் வெளியே வந்தார்கள். அரசுப் பணம் வாங்காத கடைகளுக்கும் திரையரங்குகளுக்கும் சேர்த்துப் பெரிய சட்டம் வர 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் மனசில் ஓட்டியபடி சதுக்கத்தைச் சுற்றினேன். இரண்டு தெரு தள்ளி நடைபாதையில் கூடாரங்கள். ஒன்றின் வாசலில் வீல்சேர் ஒன்று, ஒரு பக்கச் சக்கரம் இல்லாமல் சாய்ந்து கிடந்தது. உள்ளே யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். நடைபாதையில் சரிவு இருந்தது, விதிப்படி, மஞ்சள் குமிழோடு. ஏறிப் போக வீடுதான் இல்லை. பெர்க்லியைச் சொர்க்கம் என்று தங்கையிடம் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 5-வது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகத்தோடு வாழும் உரிமை உண்டு என்கிறது. அப்படி வாழத் தேவையான தனிப்பட்ட உதவியாளர் சேவைகூட அதில் எழுதியிருக்கிறது. எழுதியிருக்கிறது. ஒன்று மட்டும் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2024 மக்களவைத் தேர்தலில் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட என் தங்கை 12-டி படிவம் எழுதிக் கொடுத்திருந்தாள். அதிகாரிகள் வாக்குச்சீட்டும் உறையுமாக வீட்டுக்கு வந்தார்கள். நான் வழக்கம்போல அவள் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சின்னம். அதைக் காட்டிவிடலாம் என்று நின்றேன். வந்தவர், "அய்யா, கொஞ்சம் அந்தப் பக்கம் போய் நில்லுங்க" என்றார். அவள் அட்டையை மறைப்பாக வைத்து, குறியிட்டு, மடித்து, ஒட்டிக் கொடுத்தாள். யாருக்குப் போட்டாய் என்று அன்று ராத்திரி கேட்டேன். "அத எதுக்குக் கேக்க?" என்றாள். இன்றுவரை தெரியாது.

சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து அவளை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே விடியற்காலை. நாலரை தாண்டியிருந்தது, தலையில் துண்டோடு இருந்தாள். கட்டடத்தைக் காட்டினேன், ஜன்னல்களைக் காட்டினேன், கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஆஷ்பியில் எடுத்த படத்தை முன்னமே அனுப்பியிருந்தேன். அவளுக்கு அதில்தான் சந்தேகம்.

"அண்ணே, அந்தச் செவப்புச் சாய்தளம் எவ்வளவு ஒசரத்துக்கு எவ்வளவு நீளம்?"

எனக்குத் தெரியவில்லை. பொதுக்கணக்கு ஒன்று இருக்கிறது, ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்று மகள் சொல்லியிருந்தாள். அதைச் சொன்னேன்.

"நம்ம வாசப்படி மூணும் சேத்து இருபத்தோரு இஞ்சு. அப்போ இருபத்தோரு அடி வேணும்."

அளந்து வைத்திருக்கிறாள். எப்போது அளந்தாள்?

"வாச நீளமே பதினாலு அடிதானேட்டி" என்றேன்.

"திண்ணைய எடுத்துட்டா திருப்பி வளச்சு எறக்கலாம். கொத்தனார வரச் சொல்லிட்டேன்."

நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து வளர்ந்த திண்ணை அது. தாத்தா கட்டியது. கடப்பைக் கல் பாவியது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "இன்னொண்ணு. நீ வந்ததும் என் பேங்க் புக்க எடுத்துக் குடு. ஒன் பீரோவுல இருக்கு."

நான் ஊர் வந்து சேர்ந்தபோது திண்ணை இருந்த இடத்தில் மண் கொட்டிக் கிடந்தது. கல் எட்டும் உடையாமல் கிணற்றடியில் சாய்த்து வைத்திருந்தார்கள்.